குளியலறைச் சுவரில் யாருடைய பொட்டு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. பேய், பிசாசு, ஆவி என்று யாராவது வாயைத் திறந்தாலே "ஏன், ஒனக்கு வேற வேல இல்லயா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறவள் நான். மலேசியாவில், கெடா மாநிலத்தின் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போகும் வழியில்தான் சுடுகாடு. அதைத் தாண்டி எத்தனையோ விடிகாலையில் நடந்திருக்கிறேன். என்னைப் பிடித்ததெல்லாம் கொசுவும் அட்டையும்தான், வேறு ஒன்றும் என்னைச் சீண்டிப் பார்த்ததில்லை. தோழிகள் வேப்பமரத்தில் வெள்ளையாக எதையோ பார்த்தோம் என்று சொன்னபோது, அது பறந்துபோய்த் தொங்கிய வேட்டி என்று கழி போட்டு இழுத்துக் காட்டியவள் நான்.

இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஓட்டை விழுந்த கையுறையைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவதுதான் என் பிழைப்பு. எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் நம்பாதே என்பது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. இன்னொன்று. பேய்க்கதை என்றால் அமாவாசை ராத்திரி, நாய் ஊளை, கரண்டு போவது எல்லாம் வேண்டும் அல்லவா? எனக்கு நடந்தது காலையில், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கூலிம் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், நாங்கள் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுதான், ஆனால் சொந்த வீடு. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவளுக்குச் சொந்த வீடு என்றால் அது அரண்மனை. விற்றது ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார், குறை சொல்ல முடியாது. ஒரே ஓர் இடம்தான் எனக்கு எமனாக வாய்த்தது. குளியலறை.

அதற்கு ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே சின்னதாய் நாலு கண்ணாடிச் சட்டம், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. வெயில் எட்டிப் பார்க்காது, காற்று உள்ளே வராது. நம் கெடா மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போட்ட துணியே காயாத ஊரில் சுவரா காயப்போகிறது? குடிவந்த கொஞ்ச நாளிலேயே பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்தது. டைல்ஸ் இடுக்கில், சிலிங் மூலையில், கதவுக்குப் பின்னால், கறுப்புக் கறுப்பாய். மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு "குலாட் லா சரசு, சுசா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். பூஞ்சணம் பிடித்தால் கஷ்டம்தான் என்று அவர் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்?

நான் விடுகிற ஆளா? பிளீச் ஊற்றித் தேய்த்தேன். சுக்கா, அதான் வினிகர், ஊற்றித் தேய்த்தேன், வீடே ஊறுகாய்ப் பானை மாதிரி நாறியது. சோடா மாவைக் குழைத்துப் பூசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகச் சுரண்டினேன். இரண்டே நாளில் மறுபடியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், குளித்துவிட்டு வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொல்வார், "அதும் ஒரு உசுருதானே சரசு, பாவம், விட்டுத் தொல." எனக்கு வரும் பாருங்கள் கோபம். "அப்ப அதுக்கும் சேத்து சோறு பொங்கவா?" என்பேன்.

இனிதான் விஷயம். மற்ற சுவரில் எல்லாம் பூஞ்சணம், பூஞ்சணம் மாதிரிதான் இருந்தது. இழுவிவிட்ட மை மாதிரி, ஒழுங்கில்லாமல். தண்ணீர்க் குழாய் வரும் சுவரில் மட்டும் அப்படி இல்லை. அங்கே வட்ட வட்டமாய், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாய், விளிம்பு கலையாமல் தனித்தனிப் புள்ளிகள். நின்று குளிக்கும் ஒரு பெண்ணின் நெற்றி உயரத்தில்.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆண்களுக்குச் சொல்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் குளிக்கப் போனால் நெற்றியில் இருக்கும் ஒட்டுப்பொட்டைப் பிய்த்து எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் முகத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். குளித்து முடித்து ஞாபகம் இருந்தால் எடுப்பார்கள், இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும். எந்த வீட்டுக் குளியலறையிலும் பாருங்கள், சுவரில் நாலு பொட்டாவது இருக்கும். அந்தப் புள்ளிகளும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தன.

ஆனால் எனக்கு ஒட்டுப்பொட்டே ஆகாது. அந்தப் பசை பட்டால் நெற்றி தடித்து அரிக்கும். கல்யாணமான நாளிலிருந்து குங்குமம்தான். அதனால் முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் என் நாத்தனார் மேல்தான் போனது. அந்த வாரம்தான் வந்து தங்கிவிட்டுப் போயிருந்தாள். போனைப் போட்டு, "ஏம்மா, ஒன் பொட்டயெல்லாம் என் வீட்டுச் செவுத்துல நட்டு வச்சிட்டுப் போயிருக்கியே, அறுவடைக்கு எப்ப வர்ற?" என்று கேட்டேன். அவள் "அண்ணி, நான் சாந்துல்ல வைக்கிறேன்!" என்று குதித்தாள். இன்று வரைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லிக் காட்டுகிறாள். நான் போய்த் தேய்த்துப் பார்த்தேன். பிரஷ்ஷில் கறுப்பாய் வந்தது. பூஞ்சணம்தான். அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் மகள் மாலினி பிரசவத்துக்கு வந்தாள். எனக்கு ஒரே பிள்ளை. யான் என்கிற ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம், மாப்பிள்ளை நெல் ஆலையில் வேலை செய்கிறார், நல்ல மனிதர். முதலில் தங்கிய கரு கலைந்துபோய்விட்டது. பிள்ளை அதிலேயே பாதி உடைந்துவிட்டாள். அந்தக் கோயில் இந்தக் கோயில் என்று வேண்டாத தெய்வமில்லை. அதற்கப்புறம் தங்கியது இது. அதனால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து அவள் வீடு போய்ச் சேர வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் அப்போது.

பச்சை உடம்புக்காரிக்குச் சுடுதண்ணீர் வேண்டுமே. நாங்கள் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிற ஜாதி, வீட்டில் ஹீட்டர் கிடையாது. அதனால் மகள் வருவதற்கு முன்பே ஒன்று வாங்கிவிட்டோம். எங்கள் வீட்டுக்காரரின் லோரிக் கூட்டாளி ஒருவர், "நான் மாட்டித் தரேன் லா, இதுக்குப் போயி ஆள் கூப்பிடுவாங்களா?" என்று வந்து, நாசி கோரேங்கும் தே தாரேக்கும் சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொடுத்தார். அந்தப் பொட்டுச் சுவரில்தான். திருகினோம், சுடச்சுடத் தண்ணீர் வந்தது, எல்லோரும் கையை நனைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். அதோடு சரி.

மாட்டிய பிறகு ஒன்று கவனித்தேன். அதுவரை அந்தச் சுவரில் நெற்றி உயரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இறைந்து கிடந்த புள்ளிகள் இப்போது ஹீட்டரைச் சுற்றி மட்டும் வர ஆரம்பித்தன. தேய்த்தால் போகும். வரும்போது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நிற்கும். சூடு இருக்கிற இடத்தைத் தேடிப் பூஞ்சணம் போகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஹீட்டரை அதற்குப் பிறகு யாரும் தொடவே இல்லை, அதில் ஏது சூடு என்று அப்போது தோன்றவில்லை.

பேத்தி பிறந்தாள். நல்ல நிறம், நல்ல தொண்டை, ஆஸ்பத்திரியையே எழுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மாலினிக்கு நானே நொச்சியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுப் பெரிய சட்டியில் தண்ணீர் காய்ச்சி, பின்கட்டில் உட்கார வைத்து ஊற்றினேன். இலை போட்ட தண்ணீர் ஹீட்டரில் வருமா? அதனால் அத்தனை நாளும் அது சுவரில் சும்மாதான் தொங்கியது. தொழிற்சாலையில் விடுப்பு எடுத்திருந்தேன். எனக்கு இதைவிட வேறென்ன வேலை?

தீட்டுக் கழித்துத் தொட்டில் போடும் நாள் வந்தது. முதல் நாள் சாயங்காலம் நான் குளியலறையைப் பிடித்த பிடி இருக்கிறதே, சொந்தக்காரர்கள் வருவார்கள், ஆளாளுக்கு மூக்கைச் சுளிப்பார்கள் என்று சிலிங் முதல் தரை வரை பிளீச் போட்டுத் தேய்த்து, துணி போட்டு ஒற்றி, காற்றாடியைக் கதவு வாசலில் வைத்து ஓடவிட்டுக் காய வைத்தேன். ஒரு புள்ளி இல்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூஞ்சியே தெரியுது சரசு" என்றார். அதற்கப்புறம் அந்தக் கதவைச் சாத்திவிட்டேன். வீட்டில் இன்னொரு கழிவறை பின்னால் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினோம்.

மறுநாள் காலை அடுப்பில் ஒரு பக்கம் சாம்பார், ஒரு பக்கம் சர்க்கரைப் பொங்கல். ஐயர் வருவதற்குள் மாலினி தலைக்குக் குளித்தாக வேண்டும். தண்ணீர் காய்ச்ச அடுப்பு காலியில்லை. நான்தான் சொன்னேன், "ஈட்டரத் தொறந்து குளிச்சிரும்மா, நேரமாச்சு" என்று. அவளும் துண்டை எடுத்துக்கொண்டு, வெளியே இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

போன வேகத்தில் திரும்பி வந்து நின்றாள்.

"ம்மா, யாரும்மா ஈட்டர்ல பொட்ட ஒட்டி வச்சது?"

"யாரு ஒட்டுனா? நேத்துதான கையொடியத் தேச்சேன்?"

"வந்து பாருங்களேன். அந்தத் திருகுற எடம் பூரா ஒட்டிருக்கு. கைய வைக்கவே எடமில்ல. குலாட் மாரி இருக்கு, எனக்குக் கொமட்டுது. பாப்பாவத் தூக்குற கையி, நான் தொட மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "ஆமா, நீ மகாராணி, ஒனக்குத் தொடைக்க ஆளு வேணும்" என்று கத்திவிட்டு, அடுப்பைக் குறைத்து, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, சமையலறையில் போட்டிருந்த ரப்பர்ச் செருப்போடே விறுவிறு என்று உள்ளே போனேன். குளியலறைக்குள் செருப்போடு போகிறவளை எத்தனை முறை நானே திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கோபத்தில் கழற்ற மறந்துவிட்டேன்.

பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளை வெளேர் என்று நான் விட்ட மாதிரியே இருந்தது. சிலிங்கில் ஒன்றுமில்லை, இடுக்கில் ஒன்றுமில்லை. ஹீட்டரின் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் திருகில் மட்டும் சுற்றிச் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல், கறுப்புப் பொட்டுகள். காய்ந்த பிளாஸ்டிக்கில் ஒரே ராத்திரியில் பூஞ்சணம் பிடிக்குமா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. துணியால் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. திரும்பத் துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, ஒரு கறுப்பும் ஏறவில்லை. "சனியனே, ஒனக்கு இன்னிக்கா நாள் கெடச்சுச்சு?" என்று வாய்விட்டே திட்டினேன். சுடுதண்ணீர் பட்டால் இளகும் என்று நினைத்துத் திருகைத் திருப்பினேன். மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீர் கையுறைக்கு மேலே, என் முழங்கையில் பட்டது.

அவ்வளவுதான் தெரியும். யாரோ முழங்கையில் உலக்கையால் ஓங்கிப் போட்ட மாதிரி இருந்தது. கதவில் போய் மோதிக் கீழே விழுந்தேன். கை என் கையாகவே இல்லை. மாலினி "ம்மா!" என்று ஓடி வந்தாள், வெறுங்காலோடு. நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். "வராத! கால வைக்காத! அப்பாவக் கூப்புடு! மெயின அடைக்கச் சொல்லு!" எங்கள் வீட்டுக்காரர் சாமி மேடையிலிருந்து ஓடிப்போய் மொத்தக் கரண்டையும் அணைத்தார். வீடு திடீரென்று அமைதியானது. பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தாமானுக்கு வெளியே கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, உரிமம் உள்ள வயர்மேன், சொன்னதும் வந்துவிட்டான். ஹீட்டர் மூடியைக் கழற்றினான். கழற்றியதும் அவன் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இத யாரு மாட்டுனது?"

எங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"எர்த் வயரே கட்டல கா. வெட்டி உள்ள சொருகி வச்சிருக்கான். சரி, கரண்டு கசிஞ்சா தானா வெட்டுற பெட்டின்னு ஒண்ணு வாசல்ல இருக்குல்ல, அதாவது விழுந்திருக்கணும். அதும் பழசாயி செத்துப் போயிருக்கு, டெஸ்ட் பட்டன அமுக்குறேன், அசையுதா பாருங்க. செவுத்துக்குள்ள வேற எங்கியோ பைப் ஒழுகுது. தண்ணி வயர் மூட்டு வரைக்கும் வந்துருச்சு."

"இப்ப எனக்கு அடிச்சது?"

"ஒங்களுக்குக் காலுல சிலிப்பர், கையில குலோவ். தண்ணி ஒரு எடத்துல பட்டுத் தூக்கி எறிஞ்சிருச்சு. வெறுங்கால்ல, மேலெல்லாம் தண்ணி கொட்ட, ஒரு ஆளு அடியில நின்னிருந்தா..." அவன் மாலினியையும் அவள் தோளில் இருந்த பிள்ளையையும் பார்த்தான். பிறகு ஸ்குரூவைப் பொறுக்க ஆரம்பித்தான். "சாமி கும்பிடுங்க கா. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"அந்தத் திருகுல கறுப்பா இருந்துச்சே தம்பி, அத ஏன்னு பாரு."

அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க கா?" என்றான். அது வெள்ளையாக இருந்தது. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி.

நான் பார்த்தேன், மாலினியும் பார்த்தாள், அவளை இன்றைக்கும் கேளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கெட்டுப்போகுமா?  சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். கல்யாணத்தில் மகளை அனுப்பியபோதுகூட நான் அப்படி அழவில்லை. போய்க் குளி என்று அனுப்பியது நான். போகாதே என்று நிறுத்தியது யார்? மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன், பெரிய மனுஷி, பிள்ளை பெற்றவள், அவளும் சுருண்டு படுத்துக்கொண்டாள். சாம்பார் அடிப்பிடித்து நாறியது, யாரும் எழுந்து போகவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் அவர் வீட்டு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார். அதில்தான் மாலினி குளித்தாள். ஐயர் வந்தார், பேத்தியைத் தொட்டிலில் போட்டோம், அடிப்பிடித்த சாம்பாரை எல்லோரும் நல்லாயிருக்கிறது என்று பொய் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் குருட்டு அதிர்ஷ்டம் என்று இருந்திருப்பேன். முடியவில்லை.

அந்த வாரமே பைப்பைச் சரி செய்ய ஆட்கள் வந்தார்கள். சுவரில் டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். உடைத்தார்கள். உளி போட்டு நெம்பியதும் ஒரு டைல் முழுசாக, சிமெண்டோடு கழன்று வந்தது. அதற்குப் பின்னால் இருந்த பழைய பூச்சில் பொட்டு ஒட்டியிருந்தது. பூஞ்சணம் இல்லை, நிஜப் பொட்டு. மெரூன் நிறம், வெல்வெட், கடையில் அட்டையில் விற்கிறார்களே அது. அடுத்த டைலைக் கழற்றினால் அங்கேயும் இரண்டு. எல்லாம் நெற்றி உயரத்தில், ஹீட்டர் மாட்டியிருந்த இடத்தைச் சுற்றி. ஹீட்டரைச் சுற்றிக் கடைசியாக எந்த இடத்தில் எந்தப் புள்ளி வந்தது என்று தேய்த்துத் தேய்த்து எனக்கு மனப்பாடம், அதே இடங்கள்தான். சிமெண்டுக்கு அடியில் இருந்தும் ஒரு பொட்டுக்கூட நிறம் மங்கவில்லை. நகத்தால் ஒன்றைப் பிய்த்தேன், இப்போதுதான் ஒட்டிய மாதிரிப் பசையோடு வந்தது.

சரி, டீச்சருடையதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த அம்மா எப்போதோ ஒட்டி வைத்து, மறந்து, அதன் மேலேயே டைல்ஸ் போட்டிருக்கிறார். பசை இருந்த இடத்தில் பூஞ்சணம் வந்திருக்கிறது. கணக்குச் சரியாகத்தானே வருகிறது? ஆனாலும் அவர் பொட்டுதானே என் பிள்ளையைக் காப்பாற்றியது, ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? டீச்சர் இப்போது பாலிங்கில் மகனோடு இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம், புடவை எல்லாம் வாங்கிக்கொண்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் போனோம்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. மகள் எப்பிடி, பேரப்பிள்ளை சுகமோ?" என்று டீச்சர் அன்பாகத்தான் வரவேற்றார். நான் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பொட்டுதான் டீச்சர் எம்மவளக் காப்பாத்துச்சு" என்றேன். 

டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நான் பொட்டு வைக்கிறேல்லையே பிள்ளை. நாங்கள் வேதக்காரர் எல்லே."

அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். பின்னால் சுவரில் மாதா படம், கீழே மெழுகுவர்த்தி. வீடு வாங்கும்போதும் இதே நெற்றியைத்தான் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

"மகளுங்க, மருமகளுங்க யாராச்சும்?"

"எனக்கு ரெண்டும் பெடியங்கள். அந்த வீட்டில இருக்கேக்க ஒருத்தனும் கலியாணம் கட்டேல்லை. வேலைக்கு ஒருத்தரையும் வைக்கவும் இல்லை." டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வீடு கட்டி முடிஞ்ச உடன முதல் ஆளாத் திறப்பு வாங்கிக் கதவைத் திறந்ததே நான்தான். குடி போக முதலே டைல்ஸ் ஒட்டினனாங்கள். வெறும் சுவர் பிள்ளை, நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். அதில ஒண்டும் இருக்கேல்லை."

"அப்ப அது யாருது டீச்சர்?"

"ஆரைக் கேக்கிறியள்? அந்த இடம் முந்தித் தோட்டமாக் கிடந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "கடவுள் காப்பாத்தினார் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ. எல்லாத்தையும் கிண்டக் கூடாது." புடவையை வாங்க மறுத்துவிட்டார், பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரப்பர் மரம்.  வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியதும் எங்கள் வீட்டுக்காரர், "யாரா இருந்தா என்ன சரசு, நம்ம புள்ள இருக்குல்ல" என்றார். 

இப்போது வீட்டில் எல்லாம் புதிது. வயர், பைப், பெட்டி, டைல்ஸ், மேலே காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. பூஞ்சணம் அதோடு நின்றது, இடுக்கில்கூட ஒரு கறுப்பு கிடையாது. பேத்தி யானில் வயல் வரப்பில் ஓடுகிறாள், அம்மாவைப் படாத பாடு படுத்துகிறாள். போனில் அவள் கத்துவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திருகு ஞாபகம் வரும், கண் நிறைந்துவிடும். புடவையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் அம்மன் கோயிலில் கொண்டுபோய்ச் சாத்தினேன்.

மனசு அதோடு அடங்கவில்லை. அதனால் ஒன்று செய்கிறேன், நீங்கள் பைத்தியம் என்றாலும் சரி. ஒட்டுப்பொட்டு அட்டை வாங்கினேன், அதே மெரூன். நெற்றி அரிக்கத்தான் செய்யும், அரிக்கட்டும். காலையில் குளிக்கப் போகும்போது அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துச் சுவரில் அந்த ஹீட்டர் இருந்த இடத்தில் ஒட்டிவிட்டு, "நன்றி தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீரைத் திறப்பேன். குளித்துவிட்டு அதையே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். மத்தியானத்துக்குள் நெற்றி சிவந்து தடித்துவிடும், சாயங்காலம் எண்ணெய் தடவுவேன். இதுதான் வழக்கம்.

போன மாதம் ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சோப்பு எரிச்சலில் கண்ணைத் திறக்காமலே சுவரைத் தடவி, கைக்கு அகப்பட்ட பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு ஓடினேன். கேண்டீனில் கூட வேலை செய்யும் ஒருத்தி, "அக்கா, இன்னிக்குப் பொட்டு ரொம்ப எடுப்பா இருக்கே" என்றாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அன்று பூராவும் நெற்றி அரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நேராகக் குளியலறைக்குப் போனேன். காலையில் நான் ஒட்டிய பொட்டு சுவரில் அப்படியே இருந்தது. கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டேன். பொட்டு இருந்தது. காலையிலிருந்து ஏசியிலும் வெயிலிலும் இருந்த நெற்றியில், அது மட்டும் ஈரமாக இருந்தது.